கருப்பு மணல் வேண்டுமா? முதலில் ஜல்லிக் கடைக்குப் போங்கள்

வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், மீனைப் பற்றிக் கேட்பவர்களைவிட மண்ணைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். "அந்த வீடியோல வர்ற மாதிரி அடியில கருகருன்னு போடணும். என்ன போடுறது? எவ்வளவு ஆகும்?" கேட்கிறவர் அதற்கு முன்பே ஏதோ ஒரு கடையில் விலை விசாரித்துவிட்டு வந்திருப்பார். அதனால்தான் இரண்டாவது கேள்வியில் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். சென்னையை வைத்துத்தான் எழுதுகிறேன். கொளத்தூர் மீன் கடைகளும், தெருவுக்குத் தெரு இருக்கும் ஜல்லி, மணல் கடைகளும் எனக்குக் கைக்கெட்டும் தூரம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கல்லுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றுவது என்பதையும் சொல்கிறேன்.

அடி கருத்தால் மீன் ஏன் அழகாகிறது?

இது வெறும் கண் மயக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. கருப்புப் பட்டில் வைத்த நகை பளிச்சென்று தெரிவது மாதிரி கொஞ்சம் மயக்கமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மீனே உண்மையில் நிறம் மாறுகிறது.

மீனின் தோலில் மெலனின் நிறமியை வைத்திருக்கும் செல்கள் உண்டு. வெளிர் தரை மேல் நிற்கும்போது அந்த நிறமித் துகள்கள் செல்லின் நடுவில் ஒன்றுகூடிச் சுருங்கிக்கொள்ளும், மீன் வெளுக்கும். கருத்த தரை மேல் நிற்கும்போது துகள்கள் செல் முழுக்கப் பரவும். மீன் கருக்கும், மற்ற நிறங்களும் அடர்த்தியாகத் தெரியும். கீழிருந்து எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது, மேலிருந்து எவ்வளவு விழுகிறது என்பதைக் கண் ஒப்பிட்டுப் பார்த்து நரம்பு வழியாகவும் ஹார்மோன் வழியாகவும் உத்தரவு போடுகிறது. இந்த மாற்றம் சில நிமிடங்களில் நடக்கும். அதே தரையில் வாரக்கணக்கில் இருந்தால் நிறச் செல்களின் எண்ணிக்கையே கூடவோ குறையவோ செய்யும். தேனீக்களின் நடன மொழியைக் கண்டறிந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், இளம் வயதில் ஆராய்ந்தது மீன்களின் இந்த நிற மாற்றத்தைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓடையிலும் குளத்திலும் வெளிச்சம் மேலிருந்து மட்டும்தான் வரும். வெள்ளைச் சலவைக்கல் ஜல்லி போட்ட தொட்டியில் எல்.இ.டி. விளக்கைப் போட்டால் கீழிருந்தும் வெளிச்சம் அடிக்கிறது. நியான் டெட்ரா போன்ற, மர நிழலில் சருகு மூடிய ஓடைகளிலிருந்து வந்த மீன்களுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஒரு மூலையில் ஒண்டிக்கொள்ளும், வெளிறிப்போகும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நாம் நினைப்போம்.

சிவப்பு செர்ரி இறாலில் வித்தியாசம் இன்னும் கண்கூடு. வெளிர் மணலில் வெளிர் ரோஜா நிறத்தில் இருப்பது, அடர் தரைக்கு மாற்றினால் நல்ல சிவப்பாகிவிடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் மிஸ் கேரளா மீனுக்கும், இலங்கையின் கருமாணிக்க பார்புக்கும் அடர் தரைதான் எடுப்பு. பிளாக் மோலி வளர்க்கிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். கருப்பு மேல் கருப்பு, மீன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

எவ்வளவு கருப்பு வேண்டும்?

மைக் கருப்பு வேண்டும் என்று ஆரம்பிக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, வேண்டாம் என்பதுதான். மீனுக்கு வேண்டியது அடர்த்தியான தரை. அது கருஞ்சாம்பலாக இருக்கலாம், கரும்பழுப்பாக இருக்கலாம், கருப்பும் சாம்பலும் கலந்த புள்ளியாக இருக்கலாம். மீனுக்குக் கணக்கு, எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பது மட்டும்தான்.

மைக் கருப்பு நமக்கும் தொல்லை. மீன் கழிவு பழுப்பு, மிச்சத் தீனி வெளிர் நிறம், செடியின் அழுகிய இலை மஞ்சள். மூன்றும் தூய கருப்பின் மேல் அப்பட்டமாகத் தெரியும். கழுவி வைத்த கருப்புக் காரின் மேல் படிந்த தூசியைப் பார்த்திருப்பீர்கள், அதே அவஸ்தை. ஆற்றின் அடியில் இருப்பதுபோல நிறங்கள் கலந்த தரையில் இதெல்லாம் கண்ணை உறுத்தாது.

நல்லவேளையாக, நமக்குக் குறைந்த விலையில் கிடைப்பதும் அந்தக் கலப்பு நிறம்தான்.

மீன் கடையில் என்னென்ன கிடைக்கும்

முதலாவது, கருப்பு கிராவல். கிலோ கணக்கில் பாக்கெட்டில் தொங்கும். இதில் பெரும்பாலானவை இயற்கையான கருப்புக் கல் கிடையாது. ஏதோ ஒரு கல்லின் மேல் பூச்சு. எபாக்சி போன்ற நல்ல பூச்சாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். வெறும் சாயமாக இருந்தால் சில மாதங்களில் வெள்ளைப் புள்ளிகள் எட்டிப்பார்க்கும். போன சாயம் எங்கே போயிருக்கும்? தண்ணீருக்குள்தான். வாங்குவதற்கு முன் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, வெந்நீரில் ஓர் இரவு ஊறவிட்டு, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேயுங்கள். துணி கறைபட்டால் வேண்டாம். ஒரு கல்லை உடைத்தும் பாருங்கள். உள்ளே பால்வெள்ளையாக இருந்தால் அது சலவைக்கல்லாகவும் இருக்கலாம். அதில் என்ன சிக்கல் என்பது கீழே வருகிறது.

இரண்டாவது, மெருகேற்றிய கருப்புக் கூழாங்கல். தோட்டக் கடைகளிலும் கிடைக்கும். பார்க்க அழகு, தரையாகப் போட உதவாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பெரிய இடைவெளி. தீனி உள்ளே விழுந்துவிடும், மீன் வாய் எட்டாது, அங்கேயே அழுகும். மெருகுக்காக மெழுகோ எண்ணெயோ தடவியிருப்பார்கள், அது தண்ணீர் மேல் படலமாக மிதக்கும். அலங்காரத்துக்கு நாலு கல் வைக்கலாம், அதுவும் நன்றாகக் கழுவிய பிறகு.

மூன்றாவது, ஆக்வா சாயில். ஜப்பானின் தகாஷி அமானோ உருவாக்கிய ஏ.டி.ஏ. நிறுவனத்தின் அமேசோனியாதான் இதில் பெயர் பெற்றது. மண்ணை உருண்டையாக்கிச் சுட்டு எடுப்பது. கரும்பழுப்பு நிறம், செடிக்குச் சத்து, தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மையைக் குறைத்து பி.எச்.-ஐ 7-க்குக் கீழே இழுக்கும். செடித் தொட்டிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பார்கள், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று விஷயங்களை யோசியுங்கள். விலை அதிகம். முதல் சில வாரங்கள் அம்மோனியா வெளிவிடும், உடனே மீன் விட முடியாது. மூன்றாவதுதான் நமக்கு முக்கியம்: போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை எதிர்த்து வேலை செய்து அதன் தண்ணீரை மென்மையாக்கும் திறன் சீக்கிரமே தீர்ந்துபோகும். அதோடு உருண்டைகளும் காலப்போக்கில் கரைந்து சேறாகும். கப்பியும் மோலியும் வளர்க்க இவ்வளவு செலவு எதற்கு?

இனி ஜல்லிக் கடை

சென்னையில் வீடு கட்டும் இடங்களில் கொட்டிக் கிடக்கும் நீலம் ஓடிய கருஞ்சாம்பல் ஜல்லியைக் கவனித்திருக்கிறீர்களா? 'ப்ளூ மெட்டல்' என்று பலகை போட்டு விற்பார்கள். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் குன்றுகளின் கல் அந்த வகை. அதற்கு நிலவியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், இங்கிருந்து போன இந்தக் கல்தான். அதைப் பார்த்து 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். ஆக, உலக நிலவியல் புத்தகங்களில் ஏறிய நம் ஊர்க் கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

மீன்தொட்டிக்கு இதில் என்ன லாபம்? குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன் என்று எல்லாம் சிலிக்கேட் கனிமங்கள். சுண்ணாம்பு இல்லை. தண்ணீரில் போட்டால் கரையாது, பி.எச்.-ஐ ஏற்றாது, இறக்காது. காய்ந்திருக்கும்போது சாம்பலாகத் தெரிவது நனைந்ததும் கருக்கும். தண்ணீருக்கு அடியில் எப்போதும் நனைந்தேதானே இருக்கப்போகிறது!

இதே வகைக் கல்லை உடைத்து அரைத்து வருவதுதான் எம்-சாண்ட். ஆற்று மணலுக்கு மாற்றாக வந்தது. ஒரு கிலோவின் விலை ஒரு டீயின் விலையைத் தாண்டாது. கொஞ்சமாகக் கேட்டால் சில கடைக்காரர்கள் சாக்கில் அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிடுவார்கள், சாக்கு உங்களுடையது.

எதைக் கேட்பது? எம்-சாண்ட் கேளுங்கள். இதில் 4.75 மி.மீ. வரை எல்லா அளவுத் துகளும் இருக்கும். பூச்சுக்கு விற்கும் பி-சாண்ட் வேண்டாம், அது ரொம்பப் பொடி, தொட்டிக்குள் இறுகிவிடும். கால் இன்ச் ஜல்லியும் கிடைக்கும், ஆனால் 6 மி.மீ. துகளுக்கு இடையில் தீனி இறங்கும். பெரிய தொட்டியில் பெரிய மீன் வளர்ப்பவருக்கு அது சரி, சின்ன மீனுக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது 1 மி.மீ.-க்கும் 3 மி.மீ.-க்கும் இடைப்பட்டது. தீனி மேலேயே நிற்கும், வேர் இறங்கும், தண்ணீரும் உள்ளே போய்வரும்.

அதற்குச் சல்லடை வேண்டும். ஜன்னலுக்கு அடிக்கும் கொசு வலைக் கம்பியின் கண் ஏறத்தாழ 1 மி.மீ. பழைய துண்டு இருந்தால் மரச் சட்டத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மேலே நிற்பதுதான் உங்கள் தொட்டிக்கு. பாதிக்கு மேல் கீழே போய்விடும் என்பதால் தேவையைப் போல இரண்டரை மடங்காவது வாங்குங்கள். கீழே விழுந்த பொடியை மாடித் தோட்டத்துக்காரர் யாராவது வாங்கிக்கொள்வார். ஒரு எச்சரிக்கை: காய்ந்த எம்-சாண்டைச் சலிக்காதீர்கள். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. நனைத்து, ஹோஸ் தண்ணீரைப் பீய்ச்சியபடியே சலித்தால் தூசியும் கிளம்பாது, கழுவும் வேலையிலும் பாதி முடிந்துவிடும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் இருந்து அள்ளிவர வேண்டாம். இலவசம்தான், ஆனால் பக்கத்திலேயே சிமெண்ட் கலப்பார்கள். சிமெண்ட் கொஞ்சம் கலந்தாலும் பி.எச். தாறுமாறாக ஏறும். அந்தக் குவியல் தெரு நாய் பூனைகளுக்கு என்னவாகப் பயன்படுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இந்தக் கல்லுக்கு ஒரு குறையும் உண்டு. உடைத்த கல், ஆகவே முனை கூர்மை. கோரிடோராஸ் மாதிரி மீசையால் மணலைத் துழாவும் மீன்களுக்கும், மணலுக்குள் புதையும் நம் ஊர் அயிரைக்கும் இது ஏற்றதில்லை. கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உங்கள் உள்ளங்கையில் குத்தினால் அயிரையின் வயிற்றிலும் குத்தும். அப்படிப்பட்ட மீன் வைத்திருப்பவர்கள் தொட்டியின் முன்பாதியில் மட்டும், உருண்ட துகளாக இருக்கும் ஃபில்டர் மணலைப் போடலாம். தண்ணீர் சுத்திகரிப்புச் சாதனம் விற்கும் கடைகளில் மூட்டையாகக் கிடைக்கும். நிறம் வெளிர்தான், அதைக் கருக்கவைக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

கருப்பாக இருக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாதவை

நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

*கடப்பாக் கல்.* நம் வீட்டுச் சமையல் மேடையிலும் அலமாரித் தட்டிலும் இருக்கும் அதே கருப்புக் கல். வெட்டும் இடத்தில் துண்டும் துகளும் சும்மா கிடைக்கும். பார்க்கக் கிரானைட் மாதிரி இருந்தாலும் அது சுண்ணாம்புக்கல். தண்ணீரில் மெதுவாகக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். கப்பி, மோலி, ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பவருக்கு அது கெடுதல் இல்லை, அவை கடின நீரை விரும்புபவை. டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் வேண்டவே வேண்டாம்.

*கரிசல் மண்.* "கருப்புதானே, செடிக்கும் நல்லதுதானே" என்று தெற்கத்தி நண்பர்கள் கேட்பார்கள். வயலுக்கு நல்லது. தொட்டியில் அதன் களி நனைந்து ஊதும், ஒரு மீன் வாலை அசைத்தால் தொட்டியே மோர் ஆகும். சுக்கான் கல் கலந்திருந்தால் அதுவும் சுண்ணாம்புதான். மண் தொட்டி முறையில் வளர்க்கிறவர்கள் மேலே மணல் மூடி போட்டுத் தோட்ட மண்ணைப் பயன்படுத்துவது உண்டு. அது அடியில் ஒளிந்திருக்கும் மண், நாம் பேசுவது கண்ணுக்குத் தெரியும் மேல் தரை.

*காப்பர் ஸ்லாக்.* இரும்பின் துருவை மணல் அடித்து எடுக்கும் பட்டறைகளில் பயன்படும் பளபளப்பான கருந்துகள். செம்பு உருக்கும்போது எஞ்சும் கசடு. பார்க்கக் கடையில் விற்கும் கருப்பு மணலைவிட அழகு. கொஞ்சம் செம்பு கசிந்தாலும் இறாலும் நத்தையும் தாங்காது. அமெரிக்காவில் பலர் 'பிளாக் டயமண்ட்' என்ற பெயரில் வரும் மணலடிப்புத் துகளை மீன்தொட்டிக்குப் போடுகிறார்கள், வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அது நிலக்கரிக் கசடு, வேறு பொருள். "இங்கேயும் பிளாஸ்டிங் மணல் கிடைக்குமே" என்று பட்டறைக்குப் போனால் கையில் வருவது செம்புக் கசடாக இருக்கலாம். இறங்காதீர்கள்.

*கடற்கரைக் கருமணல்.* கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கம் போனவர்களுக்கு ஆசை வரும். கரையே கருத்துக் கிடக்கும். அந்தக் கருப்பு பெரும்பாலும் இல்மனைட். கூடவே கார்னெட், சிர்கான், மோனசைட். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, கதிரியக்கம் உள்ளது. அரசு நிறுவனம் பிரித்தெடுக்கும் கனிமம் அது. தனியார் தாது மணல் அள்ளுவதைத் தமிழ்நாடு அரசு 2013-ல் நிறுத்தியது. போதாததற்கு உப்பும் சிப்பித் தூளும். எந்தக் கடற்கரை மணலும் நன்னீர்த் தொட்டிக்கு வேண்டாம், கருமணல் வேண்டவே வேண்டாம்.

*ஆற்று மணல்.* இது கருப்பும் இல்லை, ஆனாலும் கேட்பார்கள். மீனுக்கு மிகப் பொருத்தமான மணல் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆற்றில் இருக்க வேண்டியதை ஆற்றிலேயே விட்டுவிடுவோம். பழைய வீட்டு வேலையில் மிஞ்சியது எங்காவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சோதனை

எந்த ஊரானாலும், எந்தக் கல்லானாலும் இந்த இரண்டையும் செய்யாமல் தொட்டியில் போடாதீர்கள்.

முதலாவது வினிகர். கல்லைக் கழுவிக் காயவைத்து, உடைத்த புதிய பக்கத்தில் வெள்ளை வினிகரைச் சொட்டு விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் சுண்ணாம்பு. கடப்பாத் துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துச் செய்தால் ஒப்பிட வசதி. சிலர் கழிப்பறை ஆசிட்டை ஊற்றிப் பார்க்கச் சொல்வார்கள். இன்னும் துல்லியமாகக் காட்டும்தான், ஆனால் கையும் கண்ணும் நம்முடையவை.

இரண்டாவது டி.டி.எஸ். மீட்டர். வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறவர்கள் பலரிடம் பேனா மாதிரி ஒன்று இருக்கும். இரண்டு பாட்டிலில் ஆர்.ஓ. தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் கழுவிய கல்லைப் பாதி வரை போட்டு, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இரண்டிலும் அளந்து பாருங்கள். சில புள்ளி கூடினால் கவலையில்லை. பல மடங்கு ஏறியிருந்தால் அந்தக் கல் கரைகிறது. வினிகரில் நுரைக்காமல் தப்பிக்கும் கல்கூட இதில் மாட்டும்.

சங்ககிரி, அரியலூர், தாழையூத்து மாதிரி சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஆலை அங்கே இருப்பதே சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான்.

எவ்வளவு வாங்குவது

தொட்டியின் நீளம், அகலம், மண்ணின் உயரம் மூன்றையும் செ.மீ.-ல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். அதை 1.6-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ கிலோ. 2 அடிக்கு 1 அடித் தொட்டியில் 2 அங்குலம் போட 15 கிலோ ஆகும். 3 அடிக்கு ஒன்றரை அடி என்றால் 34 கிலோ. அதற்கு மேல் தண்ணீரின் எடை தனி, ஸ்டாண்டையும் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமமாகப் பரப்பாமல் முன்னால் ஒன்றரை அங்குலம், பின்னால் மூன்று அங்குலம் என்று சரிவாகப் போடுங்கள். தொட்டி ஆழமாகத் தெரியும், செடி வேருக்கும் பின்னால் இடம் கிடைக்கும். மணல் நைசாக இருந்தால் மட்டும் உயரத்தைக் குறையுங்கள். நைஸ் மணல் இறுகினால் அடியில் காற்றில்லாமல் போய், அழுகிய முட்டை நாற்றத்தோடு வாயு சேரும். வெள்ளை மணலில் அந்த இடம் கருத்துக் காட்டிக்கொடுக்கும். அடர் நிறத் தரையில் கண்ணுக்குத் தெரியாது என்பது இதன் ஒரே பெரிய பாதகம். அதனால் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு குச்சியால் அங்கங்கே மெதுவாகக் குத்திவிடுங்கள்.

கழுவுவது

சோப்பு கூடாது. வாளியில் கால்பங்குக்கு மேல் போடாதீர்கள், கை சுழலாது. ஹோஸை அடிவரை விட்டுக் கிளறக் கிளறச் சாம்பல் தண்ணீர் வழியும். தெளிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னொரு தரம் கழுவுங்கள். எம்-சாண்டின் பொடி லேசில் விடாது. பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிட்டுக் கடையில் பாக்கெட் கிராவல் வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை. கொடுக்கிற பணம் பாதி அடுத்தவர் கழுவிக் கொடுத்ததற்குத்தான். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம், பொடி படிந்து அடைக்கும்.

தொட்டியில் பரப்பிய பிறகு ஒரு தட்டை வைத்து அதன் மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முதல் நாள் லேசாகக் கலங்கியிருக்கும். ஃபில்டரில் பஞ்சு வைத்து ஓடவிட்டால் தெளியும்.

ஏற்கெனவே மீன் இருக்கும் தொட்டியில்

பழைய வெள்ளை ஜல்லியை எடுத்துவிட்டுக் கருப்பு போட நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றும் பாக்டீரியாவில் ஒரு பங்கு அந்தப் பழைய ஜல்லியில்தான் குடியிருக்கிறது. ஒரே நாளில் ஜல்லியையும் மாற்றி, ஃபில்டர் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினால் தொட்டி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் மீன் செத்துவிடும். ஃபில்டரைத் தொடாதீர்கள். மீன்களைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு டப்பில் எடுத்து, காற்றுக் கல் போட்டு, மேலே மூடி வையுங்கள். பழைய ஜல்லியில் ஒரு பங்கை வலைப் பையில் கட்டிப் புதிய தரையின் மேல் சில வாரம் கிடக்கவிடுங்கள். மாற்றிய பிறகு முதல் வாரம் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். அம்மோனியா சோதனைத் திரவம் இருந்தால் தினமும் பாருங்கள்.

செடி வைப்பவர்களுக்கு

கருங்கல் துகளில் சத்து எதுவும் இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் கட்டையிலோ கல்லிலோ ஒட்டி வளர்பவை, மண்ணைப் பற்றிக் கவலைப்படாது. வேரால் தின்னும் கிரிப்டோகோரின், அமேசான் ஸ்வோர்ட் போன்றவற்றுக்கு வேருக்கடியில் ரூட் டேப் என்ற உர மாத்திரையைப் புதைத்துவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். ஆக்வா சாயிலுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் எத்தனையோ ஆண்டுக்கான ரூட் டேப் வாங்கிவிடலாம்.

கல்லை மாற்றாமலே கருக்கவைக்க

வெளிர் மணலே இருக்கிறது, மாற்ற மனமில்லை என்பவர்களுக்கு இது. தெருவோரம் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தை எல்லோரும் பாதாம் மரம் என்போம். அதன் இலை காய்ந்து சிவந்து தானாக உதிரும். பூச்சி மருந்து அடிக்காத, சாலைப் புகை படாத இடத்தில் பொறுக்கி, கழுவிக் காயவைத்துத் தொட்டியில் போடுங்கள். ஓரிரு நாளில் மூழ்கும். வெளிர் தரையைச் சருகு மூடும், தண்ணீர் தேநீர் நிறமாகும், வெளிச்சம் குறையும். டெட்ராவுக்கும் ஃபைட்டருக்கும் அது சொந்த ஊர். கடையில் இதே இலையைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். இலை மட்கியதும் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

தொட்டியின் பின்கண்ணாடியில் வெளிப்புறமாகக் கருப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விடுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தாலே மீனின் நிறம் கூடுவதைப் பார்ப்பீர்கள். பல வீடுகளில் மண்ணை மாற்றும் தேவையே இதோடு தீர்ந்துவிடுகிறது.

என் தீர்ப்பு

கப்பி, டெட்ரா, பார்ப், இறால், கொஞ்சம் செடி என்று 2 அடித் தொட்டி வைத்திருப்பவருக்கு: கொசு வலையில் சலித்த எம்-சாண்ட், பின்னால் கருப்பு சார்ட், அடியில் நாலு வாதுமை இலை. கோரிடோராஸோ அயிரையோ இருந்தால் முன்பக்கம் உருண்ட ஃபில்டர் மணல், மேலே சருகு. செடிதான் முக்கியம், மென்மையான தண்ணீரும் இருக்கிறது, செலவுக்கும் தயார் என்றால் ஆக்வா சாயில். பூச்சுப் போட்ட பாக்கெட் கிராவல், கழுவ நேரமில்லாதவருக்கு மட்டும், அதுவும் வெள்ளைத் துணிச் சோதனையில் தேறிய பிறகு.

காசை மிச்சம் பிடிப்பது மண்ணில் இருக்கட்டும். மிச்சமான பணத்தில் நல்ல ஃபில்டரும் அம்மோனியா சோதனைத் திரவமும் வாங்குங்கள். மீனை உயிரோடு வைத்திருப்பவை அவைதான்.